படத்துல பெரிய வீடு

கதவ முழுசாத் தெறக்காதீங்க சார், பாதியோட நிறுத்துங்க, அந்தப் பக்கம் கட்டில் இருக்கு, இடிக்கும்... ஆ, இடிச்சாச்சா. பரவால்ல, எல்லாரும் இடிக்கிறாங்க. ஒருக்களிச்சு வாங்க. பைய மொதல்ல உள்ள அனுப்பிட்டு அப்புறம் நீங்க வாங்க. அப்படித்தான். மூணு மாசமா நானே அப்படித்தான் நொழையுறேன்.

ஒரு நிமிஷம் இருங்க, இந்தப் போன்... பெல் போயிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கிறா. என் சம்சாரம்தான். ஆறு வாரமா காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு தெனம் அடிச்சுப் பாக்குறேன். அது பாட்டுக்கு அடிச்சு ஓயட்டும், பாக்கெட்ல போட்டுக்கிறேன். நீங்க உக்காருங்க சார். எங்கயா? கட்டில்லதான். நாற்காலி போட்டா நீங்க உள்ள வந்திருக்கவே முடியாது.

வாடகைக்குன்னு போட்ட வீட்டுப் படத்தப் பாத்துட்டு வந்தீங்க, இல்ல? மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. படத்தப் பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் உள்ள வந்ததும் ஒரு தடவ திரும்பி, வெளிய போட்டிருக்க நம்பரப் பாப்பாங்க. நீங்களும் பாத்தீங்க. தப்பா வரல சார். இதேதான் வீடு. இந்தா, நீங்க கால நீட்டியிருக்கீங்களே, அதான் ஹாலு. மடக்கிட்டீங்கன்னா சமையல்கட்டுக்குப் போறவங்களுக்கு வழி கெடைக்கும்.

அந்தப் படம் எடுத்தவன் மட்டும் என் கையில சிக்கட்டும் சார்... வேணாம், காலங்காத்தால வாயில நல்லதா வரட்டும்.

நான் சொல்றேன் கேளுங்க. உங்க மேல தப்பில்ல. யாரா இருந்தாலும் ஏமாறுவாங்க. எல்லாம் அந்த லென்ஸ் பண்ற வேல. வைட் லென்ஸ்னு சொல்லுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. எனக்கு அதப் பத்தி நல்லாவே தெரியும், எப்படித் தெரியும்ங்கிறத அப்புறம் சொல்றேன். சாதாரணமா ஒரு லென்ஸ் இருக்கு, அம்பது எம்.எம். அதுல இந்த ரூம எடுத்தீங்கன்னு வைங்க, கட்டிலோட தலமாடு, ஒரு தலகாணி, கொஞ்சம் செவுரு, அவ்வளவுதான் விழும். பொருளெல்லாம் நம்ம கண்ணுல தெரியுற அளவுக்கே தெரியும், ஆனா ரூம் தெரியாது. தலகாணியப் பாத்துட்டு யாரு சார் வீடு எடுப்பாங்க? அதனால என்ன பண்ணுவான், பதினாறு எம்.எம். ஒண்ண மாட்டிக்கிட்டு, மூலையில போய் முதுக செவுத்தோட ஒட்டிக்கிட்டு, மூச்ச இழுத்துப் பிடிச்சு... க்ளிக். நாலு செவுத்துல மூணு செவுரு உள்ள வந்துரும். இந்த ரூம அப்படி எடுத்தா ரெண்டு பேரு பந்தடிக்கலாம் போல இருக்கும்.

அது பொய்யான்னு கேட்டா, பொய்யும் இல்ல! அதான் சார் கொடும. ஒரு செங்கல்லக்கூட அவன் சேத்து வைக்கல. இருக்கறதத்தான் எடுத்தான். ஆனா அந்த லென்ஸ் கிட்ட இருக்கறதப் பெருசாக் காட்டும், தூரத்துல இருக்கறத இன்னும் தூரமாத் தள்ளிரும். அந்த சன்னலப் பாருங்க. படத்துல எப்படி இருந்துச்சு? வெளிய ஒரு பெரிய தெரு, அதுக்கு அந்தாண்ட எங்கயோ ஒரு கட்டடம். இப்ப எட்டிப் பாருங்க. தெரியுதா? அது தெரு இல்ல சார், சந்து. அந்தக் கட்டடத்துச் சன்னல்ல நிக்கிறாரு பாருங்க, வாய்ல பிரஷ்ஷோட, அவரு எதிர்வீட்டுக்காரர். அவரு கொப்பளிச்சா நான் மூஞ்சியத் தொடச்சுக்கணும். வணக்கம் சொல்லுங்க, இல்லேன்னா கோவிச்சுக்குவாரு. நல்ல மனுஷன்தான். எங்க வீட்ல நடக்குற எல்லாச் சண்டையும் அவருக்கு மனப்பாடம்.

என்ன சார், மணி பாக்குறீங்க? அவசரமா? இல்லல்ல... சரி சரி, பின்னால ஒரு ரூம் இருக்கு, அதக் காட்டாம அனுப்ப மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுறேன். கைய முன்னாடி நீட்டுங்க. கட்டவெரல நிமித்துங்க. நீட்டுங்க சார், காசா பணமா. நகத்த மட்டும் பாருங்க. பாத்துட்டே இருங்க, கண்ண அசைக்கக் கூடாது. இப்ப என் பின்னால தொங்குற காலண்டர்ல இன்னைக்கு என்ன தேதி, சொல்லுங்க பாப்போம்?

பாத்தீங்களா! தெரியல இல்ல? காலண்டர் இருக்குன்னு தெரியும், வெள்ளையா ஏதோ தொங்குதுன்னு தெரியும், எழுத்து தெரியாது. நம்ம கண்ணுக்குத் தெளிவா தெரியுறது அந்த நகத்தளவுதான் சார். மத்ததெல்லாம் சும்மா ஒப்புக்கு. நாம என்ன பண்றோம், கண்ண இங்கயும் அங்கயும் ஓட்டி ஓட்டி, துண்டு துண்டாப் பாத்து, மனசுக்குள்ள ஒட்டுப் போட்டுக்கிறோம். போட்டுட்டு, 'எல்லாத்தையும் பாத்துட்டேன்'னு சொல்லிக்கிறோம். இது எனக்கு ரொம்பத் தாமசமாத்தான் வெளங்குச்சு. அந்தக் கதைக்கும் வர்றேன்.

ஆனா அகலம்னு பாத்தா நம்ம கண்ணு இந்த லென்ஸையே தூக்கிச் சாப்பிட்டுடும். ரெண்டு கையையும் பக்கவாட்டுல, காதுக்கு நேரா நீட்டுங்க... இடது கை செவுத்துல இடிக்குதா? சரி, வலது கை மட்டும் போதும். நேராப் பாத்துக்கிட்டே வெரல ஆட்டுங்க. ஆட்டுறது தெரியுதா? எத்தன வெரல்னு தெரியாது, ஆனா ஆடுது! அதான் ஓரக்கண்ணு. யாராச்சும் அசஞ்சா உடனே சொல்லிரும். இப்ப நான் சன்னலப் பாத்துட்டு இருக்கும்போது நீங்க மெல்ல பைய எடுத்து மடியில வெச்சீங்களே, எனக்குத் தெரிஞ்சுது. வைங்க வைங்க, தப்பில்ல, கீழ தூசி.

ஓரக்கண்ணுன்னா என் சம்சாரத்துக்குத்தான் சார் இருக்கு. அவ தையல் வேல பாக்குறவ. மிஷின்ல தலையக் கவுத்துப் போட்டு, ஊசிய விட்டுப் பார்வைய எடுக்காம, தடதடன்னு தச்சுட்டு இருப்பா. நான் பின்னால பூன மாதிரிப் போயி பிஸ்கட் டப்பாவத் தொடுவேன். தொடத்தான் செஞ்சிருப்பேன். 'ரெண்டு போதுங்க'ம்பா. திரும்பவே மாட்டா! எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, 'உங்களப் பாக்குறதுக்குத் திரும்ப வேற செய்யணுமா'ம்பா. அவளுக்குத் தெரியாம இந்த வீட்ல நான் மறச்சு வெச்ச ஒரே விஷயம்... சொல்றேன், சொல்றேன்.

இந்தாங்க, பின் ரூம். எழுந்திருக்க வேணாம், அங்கருந்தே தெரியும். செவுத்தோட சாச்சு நட்டமா ஒண்ணு நிக்குதே, அது என்னன்னு சொல்லுங்க? கதவு இல்ல சார். மேசை. துணி வெட்டுற மேசை, ஆறடி நீளம், மூணடி அகலம். நிமித்தி வெச்சிருக்கேன், ஏன்னா கெடத்தி வெச்சா ஆளு சுத்தி வர எடமில்ல. ஒரு பக்கம் நின்னு வெட்டிட்டு, அந்தப் பக்கம் போகணும்னா மேசைக்கு அடியில தவழ்ந்து போகணும். ஒரு நாள் அவ அப்படித் தவழ்ந்து போனா. அந்தப் பக்கம் எழுந்து நின்னு, தலையில இருந்த நூல எடுத்துப் போட்டுட்டு, என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. அதுக்கு எந்த லென்ஸும் வேணாம்.

இந்த ரூமுக்காகத்தான் சார் இந்த வீடே எடுத்தோம். பழைய வீட்ல அவளுக்குன்னு எடமே கெடையாது. சாப்பாட்டு மேசையில துணி வெட்டுவா. சாப்புடுற நேரம் வந்தா எல்லாத்தையும் சுருட்டுவா, மறுபடி விரிப்பா. ஒன்பது வருஷம். ஒரு தடவ குழம்பு கொட்டி யாரோட கல்யாண உடுப்போ வீணாப் போச்சு. கொட்டுனது நான்தான், விடுங்க. அன்னைக்கு அவகிட்ட சொன்னேன், அடுத்த வீட்ல உனக்கு ஒரு ரூம். கதவு சாத்திக்கிட்டு நீ தைக்கலாம், நான் தட்டாம உள்ள வர மாட்டேன்னேன். எனக்கு அந்த நெனப்பு உண்மையாவே இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு.

அப்பத்தான் பலூன் இந்தப் படத்த அனுப்புனாரு. பலூன்னா தரகர். நாங்க வெச்ச பேரு, எதையும் ஊதித்தான் சொல்லுவாரு. 'சாவி பழைய குடித்தனக்காரர்கிட்ட இருக்கு, அவரு ஊருக்குப் போயிருக்காரு, மூணு பேரு வேற கேட்டுட்டு இருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க'ன்னாரு. எனக்கென்ன சார் தயக்கம்? நான் யாரு? இருபது வருஷமா...

ஆமா. அதே தொழில்தான். வீடு வீடாப் போயி வாடகைக்குப் படம் எடுத்துக் குடுக்குறது. என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? இந்த ஊர்ல இந்தத் தொழில்ல எத்தனையோ பேரு இருக்காங்க. நான் ஒருத்தன்தானா?

அதனாலதான் சொல்றேன், எனக்குப் படத்தப் பாத்தாலே அளவு தெரியும்னு ஒரு திமிரு. சம்சாரத்தக் கூப்புட்டு கம்ப்யூட்டர்ல பெருசாக் காட்டுனேன். 'இந்தாம்மா, உன் ரூமு. இங்க மிஷினு, இங்க மேசை, மேசையச் சுத்தி நீ ஓடிப் பிடிச்சு வெளையாடலாம்'னேன். அவ பக்கத்துல நின்னு பாத்தா. செவுத்துல ஒரு கடிகாரம் மாட்டியிருந்துச்சு, முட்ட வடிவத்துல. 'பாத்தியா, நீள்வட்டக் கடிகாரம், ஓனர் ரசனையான ஆளு'ன்னேன். இங்க வந்து பாத்தா அது ரவுண்டு சார்! தட்டு மாதிரி ரவுண்டு! வைட் லென்ஸ்ல ஓரத்துல விழுற வட்டமெல்லாம் இழுபட்டு முட்டையாயிரும். இது மொத நாள் பாடம் சார், எனக்குத் தெரியாதா? பல்பு முட்ட, கடிகாரம் முட்ட, கை கழுவுற தொட்டி முட்ட, மூணு முட்ட கண்ணு முன்னாடி இருக்கு, நான் ரசனைங்கிறேன். வேணும்னு நெனச்சுட்டா கண்ணு வேற எதையும் காட்டாது.

அதுக்கு மேல ஒண்ணு சொன்னேன் பாருங்க. அத நெனச்சாத்தான் இப்பவும் காதுல சூடேறுது. 'இந்தப் படம் எடுத்தவன் நல்ல கைம்மா. கோடெல்லாம் நேரா இருக்கு, வெளிச்சம் அளவா இருக்கு. ஆளு யாருன்னு தெரியல, ஆனா நேர்மையானவன்'னேன். அவ என்னைப் பாத்து, 'அப்படியா? நேர்மையானவனா?'ன்னா. 'பின்ன? தொழில் தெரிஞ்சவன்'னேன். ஒரு மாதிரி சிரிச்சா. 'அப்ப சரி, எடுத்துருவோம்'னா. அவ்வளவு சீக்கிரம் அவ எதுக்கும் சரின்னு சொன்னதில்ல சார். ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டன் வாங்கவே நாலு கட ஏறுவா.

வந்தோம். கதவுல இடிச்சோம். அப்புறம் என்ன, தெனமும் அந்தப் படம் எடுத்தவனத் திட்டுறதுதான் எனக்கு வேல. பல் தேய்க்கும்போது திட்டுவேன், குளிக்கும்போது முழங்கை குழாய்ல இடிச்சா திட்டுவேன், கட்டிலச் சுத்தி வர முடியாம அது மேலயே ஏறி எறங்கும்போது திட்டுவேன். 'எவனோ ஒரு அயோக்கியப் பய, எங்க கெடந்து எடுத்தானோ'ன்னு. அவ தச்சுட்டே கேப்பா, 'ஆளு கெடச்சானாங்க?' நான், 'இன்னும் இல்ல, கெடைக்கட்டும், கேமராவப் புடுங்கிக் கெணத்துல போடுறேன்'பேன். மறுநாள் மறுபடி கேப்பா, 'கெடச்சானா?' தெனமும் சார். சாப்புட்டாச்சான்னு கேக்குற மாதிரி கேட்டா.

கெடச்சான்.

ஒரு நாள் மத்தியானம் வெறில அந்தப் படத்த மறுபடி எடுத்து வெச்சு, எங்கயாச்சும் ஒரு தடயம் இருக்கான்னு பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். பின் ரூம் படம். வலது பக்கம் பீரோ, பீரோவுல நீளக் கண்ணாடி. கண்ணாடியோட அடி ஓரத்துல என்னமோ ஒண்ணு நீட்டிட்டு இருக்கு. என்னடான்னு பாத்தா கால்! படம் எடுத்தவன் கால்! ஓரத்துல விழுந்ததால இழுபட்டு, ஓடம் மாதிரி நீளமா இருக்கு. வைட் லென்ஸ்ல அதான் வம்பு சார். மனுஷன் நடுவுலதான் பாப்பான், அது மூலமுடுக்கெல்லாம் ஒண்ணு விடாம வாரிப் போட்டுக்கும். நான் கைகொட்டிச் சிரிச்சேன். 'மாட்டுனியாடா ஓடக்காலா! காலி வீடுன்னு செருப்போட நின்னிருக்க பாரு, வெவஸ்த கெட்டவனே'ன்னு செருப்பப் பெருசாக்குனேன்.

தோல் செருப்பு. கட்டவெரல் வாரு பிஞ்சு, தச்சிருக்கு. பச்ச நூல்ல.

சார்... கொஞ்சம் இந்தப் பக்கம் வாசல்ல பாருங்க. உங்க ஷூவுக்குப் பக்கத்துல கெடக்குதே ஒரு செருப்பு. தெரியுதா நூலு? அவதான் தச்சுக் குடுத்தா. மிஷின்ல அப்ப பச்ச நூல்தான் கோத்திருந்துச்சு, 'மாத்தணுமா'ன்னா, 'யாரு என் காலப் பாக்கப் போறா'ன்னேன்.

ஆமா சார், நான்தான். நானேதான். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மூலையில முதுக ஒட்டிக்கிட்டு நின்னு எடுத்திருக்கேன். எப்படி மறந்தேன்னு கேக்காதீங்க. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு எடுக்குறேன். வீட்ட நான் எங்க சார் பாக்குறேன்? கேமராவுல கோடு நேரா இருக்கா, சன்னல் வெளுத்துப் போகாம இருக்கா, அதத்தான் பாக்குறேன். எடுத்தேன், அனுப்புனேன், அடுத்த வீடு. பலூனுக்குப் போன் போட்டுக் கத்துனேன். 'அட, உங்க படமா அது? ரொம்ப நல்லா வந்திருக்குன்னு ரெண்டு வருஷமா மாத்தாம வெச்சிருக்கேன்'னாரு. இப்ப உங்களுக்கு அனுப்பியிருக்காரே, அதுவும் அதேதான்.

அன்னைக்குச் சாயங்காலமும் அவ கேட்டா சார். துணிக்கு மார்க் போட்டுட்டே, நிமிராம, 'ஆளு கெடச்சானாங்க?'

'கெடைக்கல'ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஒன்றரை மாசமா அயோக்கியன், திருடன்னு வாய் கிழியத் திட்டிட்டு, அவன் நான்தான்னு எந்த வாயால சொல்ல? 'கெடைக்கல. அவன் வேற ஊருக்குப் போயிட்டானாம்'னு ஒண்ணையும் சேத்து விட்டேன். அவ சாக்பீஸக் கீழ வெச்சா. மறுநாள் காலைல மிஷினத் தூக்கிக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா. மேசை பத்தலன்னுதான் போனா. வேற என்ன காரணம் இருக்கப் போகுது? மேசைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டா. தனியாத் தூக்க முடியல போல. என்னையத் தூக்கச் சொல்லிக் கேக்கவும் இல்ல.

தப்பித் தவறி அவளப் பாத்தீங்கன்னா இத மட்டும் சொல்லிராதீங்க சார். உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

அதான் வேற ஆளு தேடுறேன். பதினோரு மாச ஒப்பந்தம், நடுவுல கெளம்புனா நாமளே ஒரு ஆளப் பிடிச்சு வெச்சுட்டுப் போகணும்ங்கிறாரு ஓனர். நீங்க நாலாவது ஆளு. மொத ஆளுக்கு உக்காந்து பத்தாவது நிமிஷம் வயித்த வலி. ரெண்டாவது வந்த புருஷன் பொண்டாட்டிக்கு அடுப்ப அணச்சமான்னு சந்தேகம். மூணாவது ஆளு போன் வந்திருக்குன்னு வெளிய போனவரு, அப்படியே போயிட்டாரு. என்ன ராசியோ தெரியல, யாருமே முழுசா உக்காந்து கேக்குறதில்ல. நீங்கதான் சார் பொறுமையானவரு. உங்க மூஞ்சியப் பாத்ததுமே உண்மையச் சொல்லிரணும்னு தோணிருச்சு.

சரி, உண்மைன்னு ஆனதுக்கு அப்புறம் அளவையும் உண்மையாவே பாத்துருவோம். டேப்பு வெச்சிருக்கேன். அவளோடது, துணி அளக்குற டேப்பு, கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு. இருங்க, எடுத்துர்றேன். கால கொஞ்சம் மேல தூக்கிக்கிங்க... நன்றி. இங்க எல்லாம் என்னன்னே தெரியாத சாமான் கெடக்கு சார்... இது ஒத்த சாக்ஸு... இது அவளோட கத்திரிக்கோல் உறை, அக்கா வீட்ல தேடிட்டு இருப்பா பாவம்... நான் பேசுறது கேக்குதா? பின் ரூம் ஏழடிக்கு மேல இருக்காது சார், ஆனா உங்களுக்கு மேசை கீசை எதுவும் இல்லேன்னா ஒரு ஆளு படுக்கலாம். உயரமான ஆளுன்னா கொஞ்சம் மடிஞ்சு படுக்கணும்... ஆங், கெடச்சிருச்சு! டேப்பு கெடச்சிருச்சு சார்! ஐயையோ, போன் விழுந்துருச்சே... ஒடையல, நல்ல வேள. என்ன இது, வெளிச்சம் எரியுது. நம்பர் ஏதோ ஓடுது. இருபத்தாறு நிமிஷம் நாப்பது செகண்டு... நாப்பத்தொண்ணு...

சார், இதக் கொஞ்சம் பாருங்களேன், லைன் கட்டாகாம... சார்?

சார்!

எங்க போனாரு? பையும் இல்ல. ஒளியுறதுக்குக்கூட இந்த வீட்ல எடமில்லையே... ஷூவையும் காணோம். ஓரக்கண்ணு ஓரக்கண்ணுன்னு அவ்வளவு அளந்தேன், கட்டிலுக்கு அடியில தலைய விட்டா அது என்ன செய்யும்.

ஹலோ?

...நீயா? இருக்கியா? எப்பருந்து இருக்க? ...கட்டில்லதான் உக்காரணும்னு சொன்னதுல இருந்தேவா? ஐயோ. அப்ப எல்லாத்தையும்... பிஸ்கட் டப்பாவையும் கேட்டியா? ...சரி. செருப்பையும் கேட்டுருப்ப.

இல்லம்மா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. நேரம் பாத்துட்டு... என்ன? ...தெரியுமா? ...எப்பருந்து தெரியும்? ...என்னது? மொத நாளேவா? படத்தக் காட்டுன அன்னைக்கேவா?

...ஆமா. நீ தச்ச தையல் உனக்குத் தெரியாதா. நான் கடிகாரத்தப் பத்தி அளந்துட்டு இருந்தப்ப நீ படத்தோட மூலையில செருப்பப் பாத்துட்டு நின்னிருக்க. அதான் அந்தச் சிரிப்பு. நேர்மையானவனான்னு அதான் கேட்டியா. அடக் கடவுளே. ஆனா ஒண்ணு கேக்குறேன், அது நான் எடுத்த படம்னு தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்ன? நான் எப்படி எடுப்பேன்னு உனக்குத்தான் தெரியுமே?

...இன்னொரு தடவ சொல்லு. எதிர்வீட்டுக்காரர் கொப்பளிக்கிறாரு, சரியாக் கேக்கல.

...'உங்க காலு அந்த ரூம்ல நின்னிருக்கு, நீங்க நின்னு பாத்த ரூமுன்னு நம்பித்தான் வந்தேன்.'

...

நின்னேன்மா. பாக்கல.

ஹலோ... இருக்கேன், இருக்கேன். கட்டில்ல உக்காந்துட்டேன், அவ்வளவுதான். ஆக, நீ மேசைக்காகப் போகல. தெனமும் ஆளு கெடச்சானா, கெடச்சானான்னு கேட்டது, நானா வாயத் தெறந்து சொல்றனான்னுதான். நான் அவன வேற ஊருக்கு அனுப்பி வெச்சுட்டேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா. நீ இல்லாத இந்த ஆறு வாரத்துல, இத்தனூண்டு வீடு எனக்கு எவ்வளவு பெருசா ஆயிருச்சு தெரியுமா? லென்ஸே இல்லாம.

...சொல்றேன். படம் எடுத்தவன் நான்தான். ...சத்தமாவா? இங்க சன்னல்ல அவரு நிக்கிறாரும்மா... சரி சரி, வெச்சுராத. படம் எடுத்தவன் நான்தான்! போதுமா? ...அவரு என்னமோ சொல்றாரு, இரு. ...அவருக்கும் தெரியுமாம். நீ சொன்னியா? ஊருக்கே தெரியும் போல, எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்கு.

சிரி, நல்லா சிரி. ஆறு வாரமாச்சு இந்தச் சத்தத்தக் கேட்டு.

டேப்பு கையிலதான் இருக்கு. அளந்து சொல்றேன், இரு... ஏழடி, ஒரு அங்குலம். அகலம் அஞ்சடி. ஊதல, நூல் பிடிச்ச அளவு. ...ஆமா, மேசை பத்தாது. பத்தவே பத்தாது. வேற வீடு பாப்போம். இந்தத் தடவ படம் கெடையாது, நேராப் போயி... என்ன? மேசையத் தூக்கிட்டா? வீடு வீடாவா? ஆறடி மேசையம்மா அது! தெருவுல பாக்குறவங்க என்ன... சரி. சரிங்கிறேன்ல. உள்ள போட்டுப் பாத்து, நீ அதச் சுத்தி ஒரு நடை நடந்து பாத்து, அப்புறம்தான் பேச்சு.

வா. செருப்ப மாட்டிட்டு நானே அங்க வந்து மிஷினத் தூக்கிட்டு வர்றேன். மேசைக்கு முன்பக்கம் நான் பிடிச்சுக்கிறேன், நீ பின்பக்கம் பிடி. நான் எங்க இடிக்கப் போறேன்னு அங்கருந்தாத்தான் உனக்குத் தெரியும்.